கட்டடம் கட்டுவோர்க்குப் பதிவும் காப்பும்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்பது பழமொழி. வீடு கட்டுவிப்பவரின் தொல்லையை எண்ணி எழுந்த மொழி அது. கட்டிக் கொடுப்பவரின் தொல்லையை அது எண்ணிப் பார்க்கவில்லை. மலைச்சரிவில் அத்திவாரம் வெட்டி, பிறர் பணத்துக்கும் பத்துப் பேரின் உயிருக்கும் பொறுப்பாக நின்று வேலை நடத்தும் ஒப்பந்தகாரரின் நிலை இலேசானதன்று. அந்தப் பொறுப்பைத் தாங்குவதற்குத் துணையாக இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று பதிவு, மற்றொன்று காப்புறுதி.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஊடாகச் செல்லும் சாலைக்குக் கலஹா வீதி என்று பெயர். அது மலையேறிக் கலஹாவை அடைந்து, அப்பால் தெல்தோட்டையை நோக்கிச் செல்கிறது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டமும் இம்மலைத் தொடரிலேயே உள்ளது. இப்பகுதித் தோட்ட லயன்களில் பிறந்த இளைஞர் பலர் கொத்து வேலையும் தச்சு வேலையும் பழகிக் கண்டிக்கும் கொழும்புக்கும் செல்கின்றனர். கருங்கல் அடுக்கி மதில் எழுப்பவும், கம்பி கட்டிக் கொங்கிறீட் போடவும் அவர்களுக்கு நன்கு தெரியும். ஆயினும் அவர்களுட் பலர் இருபது ஆண்டு உழைத்த பின்னரும் பிறருடைய ஒப்பந்தத்தில் நாட்கூலி பெறுபவராகவே இருக்கின்றனர். கைத்திறன் இருந்தும் அதை எடுத்துக் காட்டும் பத்திரம் இல்லாமையே இதற்கு ஒரு பெருங்காரணம்.

அப்பத்திரத்தைப் பெறும் வழி இரண்டு படிகளைக் கொண்டது. முதற்படி தொழிலாளிக்கு உரியது. தேசிய தொழிற் தகைமை என்னும் சான்றிதழைப் பெறுவதற்குப் பள்ளிக்கூடப் பரீட்சையில் தேறியிருத்தல் எல்லோர்க்கும் கட்டாயமன்று. பல்லாண்டு அனுபவம் உடைய ஒருவர், தாம் முன்பு கற்றதை மதிப்பிடும் முறையின்படி, மதிப்பீட்டாளர் முன்னிலையில் தம் வேலையைச் செய்து காட்டியும் அதனைப் பெறலாம். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்கள் இம்மதிப்பீட்டை நடத்துகின்றன. சுவர் கட்டத் தெரிந்தவருக்குச் சுவரே சாட்சி சொல்லும் பரீட்சை இது.

இரண்டாம் படி ஒப்பந்தகாரருக்கு உரியது. முதலில் தொழிலின் பெயரைப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயராகப் பதிய வேண்டும். கம்பனியாக நடத்த விரும்புவோர் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவர். அதன்பின் நிர்மாணத் தொழில் அபிவிருத்தி அதிகாரசபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த சபை இது. அச்சட்டம் குறித்துரைக்கும் வகையைச் சேர்ந்த நிர்மாண வேலைகளைப் பதிவு பெறாத ஒப்பந்தகாரர் மேற்கொள்ளலாகாது.

பதிவு ஒரே தரத்தில் வழங்கப்படுவதில்லை. சிறிய வேலைகளுக்கு உரிய சீ-9 என்னும் தரத்தில் தொடங்கி, சீ-8, சீ-7 என ஏறிச் சீ-1 வரை சென்று, அதற்கும் மேலே மிகப் பெரிய வேலைகளுக்கான இரண்டு சிறப்புத் தரங்களில் அது முடிகிறது. ஒவ்வொரு தரத்துக்கும் ஏற்கத்தக்க வேலையின் பெறுமதிக்கு ஓர் எல்லை உண்டு. விண்ணப்பகாரரின் பண வசதி, தொழில்நுட்ப உத்தியோகத்தர், இயந்திர உபகரணம், முடித்துக் கொடுத்த வேலைகள் ஆகியவற்றை ஆராய்ந்தே தரம் தீர்மானிக்கப்படும். அரசாங்க வேலைக்குக் கேள்விப்பத்திரம் சமர்ப்பிக்கும்போது முதலில் நோக்கப்படுவது இத்தரமே.

இங்கே ஒரு தவறான வழக்கத்தையும் குறிப்பிடல் வேண்டும். பதிவுள்ள ஒருவரின் பெயரை இரவல் வாங்கி வேலை செய்வோர் உளர். வேலை முடிந்ததும் பணத்தில் ஒரு பங்கு பெயருக்குரியவரைச் சேரும். அதனைக் காட்டிலும் பெரிய இழப்பு வேறொன்று. முடித்துக் கொடுத்த வேலைக்கான சான்றும் அப்பெயருக்கே போய்ச் சேரும். அடுத்த தரத்துக்கு ஏறுவதற்குத் தேவையான அனுபவம், உழைத்தவரின் கணக்கில் ஒருபோதும் ஏறுவதில்லை. சீ-9 ஆயினும் சொந்தப் பெயரில் இருப்பதே ஏணியின் முதற்படி.

இனிக் காப்புறுதி. இது மூவகைப்படும். முதலாவது, கட்டப்படும் வேலைக்கான காப்பு. தீ, வெள்ளம், களவு, இடிந்து விழுதல் முதலியவற்றால் வேலைக்கும் பொருளுக்கும் நேரும் சேதத்தை அது ஈடு செய்யும். இரண்டாவது, மூன்றாம் ஆளுக்கான காப்பு. சாரத்திலிருந்து விழுந்த பலகை வீதியில் போனவரைத் தாக்கினாலோ, மண் வெட்டியதால் அயல் வீட்டுச் சுவர் வெடித்தாலோ அது உதவும். மூன்றாவது, வேலையாட்களுக்கான காப்பு.

இம்மூன்றனுள் மூன்றாவதன் வேர் ஆழமானது. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமாகும். வேலையின் காரணமாகவும் வேலையினிடையிலும் நேர்ந்த விபத்தில் தொழிலாளி காயமுற்றால் தொழில் வழங்குநர் நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று அது விதிக்கிறது. உயிரிழப்பு நேர்ந்தால் அப்பணம் ஆணையாளரிடம் கட்டப்பட்டு, அவர் வழியாகவே குடும்பத்தாரைச் சேரும். தமது தொழிலின்பொருட்டு வேலையில் ஒரு பகுதியை மற்றொருவருக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுத்தவர், “அவர் என் ஆளல்லர்” என்று கைகழுவிவிட இயலாது. துணை ஒப்பந்தகாரரின் வேலையாளுக்கும் முதன்மை ஒப்பந்தகாரர் பொறுப்பாக நேரிடும்.

கலஹாவில் ஒரு கொத்தனார் ஐந்து பேரைச் சேர்த்துக் கொண்டு மாடி வீடு ஒன்றைக் கட்ட ஏற்றார் எனக் கொள்ளலாம். மழை நாளில் சாரம் வழுக்கி ஒருவர் விழுந்து முள்ளந்தண்டு முறிகிறது. காப்புறுதி இருந்தால் கம்பனி நட்டஈட்டைச் செலுத்தும். இல்லையேல் கொத்தனார் தம் உடைமைகளை விற்றுக் கடனடைக்க வேண்டும். விற்க ஒன்றும் இல்லையென்றால் விழுந்தவரின் மனைவியும் மக்களும் வெறுங்கையுடன் நிற்பர். சட்டம் உரிமையை வழங்குகிறது. அவ்வுரிமையைப் பணமாக்கித் தருவது காப்புறுதியே.

காப்புறுதிப் பத்திரத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தால் மட்டும் போதாது. அதனைப் படித்தறிதலும் வேண்டும். 1 கோடி ரூபா பெறுமதியான வேலையைத் தவணைப் பணம் குறையும் என்று 60 இலட்சத்துக்கு மாத்திரம் காப்புறுதி செய்தவருக்கு, 20 இலட்சம் சேதம் நேர்ந்தால் அவ்விகிதப்படி 12 இலட்சமே கணக்கிடப்படக்கூடும். அதிலும் ஒப்பந்தகாரர் தாமே தாங்க வேண்டிய முதற்பகுதி கழிக்கப்படும். பிழையான வரைபடத்தால் வந்த நட்டத்தை விலக்கி வைக்கும் நிபந்தனைகளும் உண்டு. வேலை நீடித்தால் காலத்தையும் நீடிப்பித்துக்கொள்ள வேண்டும். இடத்தின் உண்மை நிலையை மறைத்துப் பெற்ற பத்திரம் ஆபத்து வேளையில் கைவிட்டுவிடும்.

மலைநாட்டுக்கு இந்த இறுதி எச்சரிக்கை மிகவும் பொருந்தும். 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்கள் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டமும் மண்சரிவினால் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. கண்டி போன்ற மாவட்டங்களில் மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடும், பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியும் தேவை. இவற்றைப் பெறுமுன் மண்வெட்டியை எடுக்காத ஒப்பந்தகாரரே வீட்டுக்காரருக்கு நல்ல நண்பர். சரிவை நேராக வெட்டாமையும், மழைநீர் வடிய வழிவிடுதலும், தாங்குமதிலில் நீர் கசியத் துளை வைத்தலும் எந்தக் காப்புறுதிக்கும் முந்திய காப்புகளாம்.

தோட்டங்களில் லயன்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் எழும் காலம் இது. இந்திய அரசாங்கத்தின் உதவியுடன் 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2017இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிறர் கட்டிய அறைகளில் வாழ்ந்த சமூகத்தின் பிள்ளைகள், இத்தகைய வேலைகளில் கல் சுமப்பவராக மட்டும் நிற்க வேண்டியதில்லை. தகைமைச் சான்றிதழும், சொந்தப் பெயரில் பதிவும், தம்மோடு உழைப்பவருக்கு ஒரு காப்புறுதிப் பத்திரமும் கைக்கு வருமாயின், அவ்வீடுகளை ஏற்றுக் கட்டுவோரும் அவர்களே ஆகலாம்.