சக்கர விலக்கம்

இக்கட்டுரை ஊர்திச் சக்கரத்தின் ஓர் அளவைப் பற்றியது. சிவகாசி அச்சகங்களில் ஆப்செட் என்று வழங்கும் அச்சுமுறை வேறு. அது தமிழில் மறுதோன்றி அச்சு எனப்படும்.

சக்கர விலக்கம் என்பது, ஊர்தியின் சக்கரக்குடத்தோடு சக்கரம் ஒட்டிப் பொருந்தும் தளத்திற்கும், சக்கரத்தின் அகலத்தை இரு சமபாகங்களாகப் பிரிக்கும் நடுத்தளத்திற்கும் இடைப்பட்ட தொலைவு ஆகும். இது மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. பட்டறைகளிலும் டயர்க் கடைகளிலும் இதனை ஆப்செட் என்றே அழைப்பர். தானுந்துகளில் ஆலையிலிருந்து வந்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு அகலமான அலாய் சக்கரங்களைப் பூட்டும்போது பெரிதும் கவனிக்கப்படாமல் விடப்படும் அளவு இதுவே. புதிய சக்கரத்தின் துளைகள் போல்ட்டுகளுக்குச் சரியாக அமைந்துவிட்டால் சக்கரமும் பொருந்திவிட்டது என்று கருதுவது பிழையாகும். ஊர்தியின் எடை எந்தக் கோட்டின் வழியே தரையை அடைகிறது என்பதை விலக்கமே தீர்மானிக்கிறது.

== வகைகள் ==

பொருத்துதளம் அமைந்துள்ள இடத்தைப் பொறுத்து விலக்கம் மூன்று வகைப்படும்.

* நேர் விலக்கம்: பொருத்துதளம் நடுத்தளத்திற்கு வெளிப்புறமாக, அதாவது வீதியைப் பார்த்த பக்கமாக அமைந்திருக்கும். இன்றைய முன்சக்கர இயக்கத் தானுந்துகள் பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்தவை.
* சுழி விலக்கம்: பொருத்துதளமும் நடுத்தளமும் ஒன்றாக அமைந்திருக்கும்.
* எதிர் விலக்கம்: பொருத்துதளம் நடுத்தளத்திற்கு உட்புறமாக அமைந்திருக்கும். வெளியிலிருந்து பார்க்கையில் சக்கரம் ஆழமான கிண்ணம் போலத் தோன்றும்.

இவ்வேறுபாட்டைக் கண்ணால் காண லாரி ஒன்றே போதும். விருதுநகர், சாத்தூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இல் நின்று, பின்னச்சில் இரட்டைச் சக்கரம் பூட்டிய லாரி ஒன்றைப் பார்த்தால், முன்சக்கரத்தின் நடுத்தட்டு வெளியே புடைத்திருப்பதையும், பின்சக்கரங்களில் வெளிப்புறமாக உள்ளதன் நடுத்தட்டு உள்ளே குழிந்திருப்பதையும் காணலாம். பொதுவாக இவ்விரண்டும் ஒரே வகைச் சக்கரமே. ஒன்று திருப்பிப் பூட்டப்பட்டுள்ளது. முன்சக்கரத்தில் நேர் விலக்கமாக இருப்பது, திருப்பியதும் எதிர் விலக்கமாகிறது. பின்னச்சின் உட்சக்கரம் முன்சக்கரத்தைப் போலவே பூட்டப்பட்டிருக்கும். ஒன்றன் நேர் விலக்கமும் மற்றதன் எதிர் விலக்கமும் சமமாதலால், இரு டயர்களும் தாங்கும் மொத்த எடை பொருத்துதளத்தின் வழியே சமனாக இறங்குகிறது. இரு டயர்களின் நடுத்தளங்களுக்கு இடைப்பட்ட தொலைவு விலக்கத்தின் இருமடங்காக இருக்கும். இத்தொலைவு குறைந்தால் டயர்களின் பக்கச்சுவர்கள் ஒன்றோடொன்று உரசும்.

== குறியீடும் அளவிடும் முறையும் ==

சக்கரத்தின் உட்புறத்தில் 7 ஜே × 16 ஈ.டி. 45 என்பது போன்ற குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். இதில் 7 என்பது அங்குலத்தில் ரிம்மின் அகலம். ஜே என்பது ரிம் விளிம்பின் வடிவம். 16 என்பது அங்குலத்தில் விட்டம். 45 என்பது மில்லிமீட்டரில் விலக்கம். ஈ.டி. என்பது ஐன்பிரெஸ்டீஃபெ என்னும் ஜெர்மானியச் சொல்லின் சுருக்கமாகும். எதிர் விலக்கமாயின் எண்ணுக்கு முன் கழித்தல் குறி இருக்கும்.

குறியீடு அழிந்துபோன சக்கரத்தில் விலக்கத்தைப் பின்வருமாறு அறியலாம். சக்கரத்தை முகம் கீழாகத் தரையில் கிடத்தி, மேலே உள்ள விளிம்பின் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை வைக்கவேண்டும். சட்டத்தின் அடிப்பகுதியிலிருந்து பொருத்துதளம் வரையுள்ள ஆழம் பின்னிடைவெளி எனப்படும். இதிலிருந்து சக்கரத்தின் மொத்த அகலத்தில் பாதியைக் கழித்தால் கிடைப்பது விலக்கம். குறிக்கப்படும் அகலம் டயர் அமரும் இடத்தின் அகலம் மட்டுமே ஆகையால், இரு விளிம்புகளின் தடிமனையும் சேர்த்தால் மொத்த அகலம் ஏறத்தாழ 25 மி.மீ. கூடுதலாக இருக்கும். எனவே 7 அங்குலச் சக்கரத்தின் மொத்த அகலம் சுமார் 203 மி.மீ. பின்னிடைவெளி 146 மி.மீ. எனில், விலக்கம் ஏறத்தாழ 45 மி.மீ. ஆகும்.

== எடுத்துக்காட்டு ==

ஒரு தானுந்தின் பழைய சக்கரம் 5.5 அங்குல அகலமும் 45 மி.மீ. விலக்கமும் உடையது, புதிய சக்கரம் 7 அங்குல அகலமும் 35 மி.மீ. விலக்கமும் உடையது எனக் கொள்வோம். அகலத்தில் பாதி பழையதில் 69.85 மி.மீ., புதியதில் 88.9 மி.மீ.

* வெளிவிளிம்பு: பாதி அகலத்திலிருந்து விலக்கத்தைக் கழிக்கவேண்டும். பழையது 24.85, புதியது 53.9. வெளிவிளிம்பு 29.05 மி.மீ. வெளியே நகர்கிறது.
* உள்விளிம்பு: பாதி அகலத்தோடு விலக்கத்தைக் கூட்டவேண்டும். பழையது 114.85, புதியது 123.9. உள்விளிம்பு 9.05 மி.மீ. உள்ளே நகர்கிறது.
* நடுத்தளம்: விலக்கம் 10 மி.மீ. குறைந்ததால், நடுத்தளம் 10 மி.மீ. வெளியே நகர்கிறது. இரு பக்கமும் சேர்த்து இட, வலச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 20 மி.மீ. கூடுகிறது.

அகலம் மாறினால் விளிம்புகள் மட்டுமே நகரும். விலக்கம் மாறினால் எடை இறங்கும் கோடே நகரும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

== விளைவுகள் ==

=== பேரிங் மீதான சுமை ===

சக்கரம் வெளியே நகரும்போது, அச்சின் நுனியில் நெம்புகோலின் நீளம் கூடியது போன்ற நிலை ஏற்படுகிறது. ஒரு சக்கரத்தின் மீது 300 கிலோகிராம் எடை இறங்குவதாகவும், விலக்கம் 25 மி.மீ. குறைக்கப்பட்டதாகவும் கொண்டால், ஊர்தி அசையாமல் நிற்கும்போதே சுமார் 74 நியூட்டன் மீட்டர் திருப்புமை கூடுதலாகச் செயற்படும். பள்ளத்தில் விழும்போதும் வளைவில் திரும்பும்போதும் இது பன்மடங்காகும். பேரிங்கின் வாழ்நாள் குறைவதை உடனே உணர இயலாது. இரைச்சல் கேட்கத் தொடங்கும்போது தேய்மானம் முற்றியிருக்கும்.

=== திருப்பமும் தடுப்பும் ===

முன்சக்கரம் திரும்பும்போது எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அவ்வச்சைத் தரைவரை நீட்டினால் அது ஒரு புள்ளியில் தரையைத் தொடும். அப்புள்ளிக்கும் டயர் தரையில் படியும் இடத்தின் நடுவிற்கும் இடைப்பட்ட தொலைவு உரசல் ஆரம் எனப்படும். விலக்கம் 10 மி.மீ. குறைந்தால், டயரின் நடு திருப்ப அச்சிலிருந்து 10 மி.மீ. வெளியே செல்கிறது. 1972 இல் அறிமுகமான ஆவுடி 80 தானுந்தில் டயரின் நடு இப்புள்ளிக்கு உட்புறமாக அமையுமாறு வடிவமைக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கச் சக்கரம் மணலிலோ ஈரத்திலோ இருக்க, மறுபக்கச் சக்கரம் மட்டும் பிடித்துத் தடுக்கும்போது ஊர்தி ஒருபுறம் இழுபடுவதை இவ்வமைப்பு ஈடுசெய்கிறது. விலக்கம் குறைந்த சக்கரத்தைப் பூட்டுவோர், தாம் அறியாமலேயே இப்பாதுகாப்பைக் குறைக்கின்றனர். பள்ளங்களில் திருப்புவளையம் கையை உதறுவதும் இதன் அறிகுறியாகும்.

=== உரசல் ===

விலக்கம் மிகக் குறைந்தால் டயர் மட்கார்டின் விளிம்பிலும், மிகக் கூடினால் அதிர்வேற்பியிலோ தடுப்பியின் உறுப்புகளிலோ உரசக்கூடும். ஆளின்றி நிற்கும் தானுந்தில் இடைவெளி போதுமானதாகத் தோன்றினும், ஐவர் அமர்ந்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அது இல்லாமற் போகலாம். தொடர்ந்து உரசும் டயர் சூடேறும். பக்கச்சுவர் அறுபட்டு வெடிக்கவும் கூடும். சிவகாசி வட்டாரத்தைப் போலப் பட்டாசும் தீப்பெட்டியும் ஏற்றிய ஊர்திகள் ஓடும் சாலைகளில், கட்டுப்பாட்டை இழக்கும் ஒரு தானுந்து விளைவிக்கும் கேடு அதன் பயணிகளோடு நில்லாது.

== இடைத்தட்டுகள் ==

ஸ்பேசர் எனப்படும் இடைத்தட்டு, குடத்திற்கும் சக்கரத்திற்கும் இடையே வைக்கப்படுவது. இதன் தடிமன் எவ்வளவோ அவ்வளவு விலக்கம் குறையும். 45 மி.மீ. விலக்கமுள்ள சக்கரத்திற்கு 15 மி.மீ. தட்டு வைத்தால் பயன்விலக்கம் 30 மி.மீ. ஆகும். நீளமான போல்ட்டுகளை மாற்றாமல் தட்டை மட்டும் வைத்தால், நட்டு பிடிக்கும் மரைகள் குறைந்து, சக்கரம் கழன்றுவிடும் இடர் உண்டு. விலக்கத்தைக் குறைக்கவே தட்டு உதவும், கூட்ட உதவாது.

== பூட்டுமுன் சரிபார்க்க வேண்டியவை ==

* போல்ட் துளைகளின் எண்ணிக்கையும், அவை அமைந்த வட்டத்தின் விட்டமும். 100 மி.மீ., 114.3 மி.மீ. ஆகியன பரவலாகக் காணப்படும் அளவுகள்.
* நடுத்துளை குடத்தின் மீது ஆட்டமின்றி அமர்தல்.
* விலக்கம், ஆலை அளித்த மதிப்பிற்கு இயன்றவரை நெருக்கமாக இருத்தல்.
* சக்கரம் தாங்கக்கூடிய எடை.
* திருப்புவளையத்தை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, முழுச்சுமையோடும் உரசல் இன்மையை உறுதி செய்தல்.

== சட்டம் ==

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் ஊர்தியை மாற்றுவதைத் தடை செய்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 சனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இப்பிரிவை உறுதிசெய்து தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற முறையில் ஊர்தியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்க வகைசெய்தது.

விலக்கம் என்னும் எண் பதிவுச் சான்றிதழில் தனியே குறிக்கப்படுவதில்லை. ஆகவே அதனைச் சரிபார்க்கும் பொறுப்பு சக்கரத்தை வாங்குபவரையும் பூட்டுபவரையுமே சார்ந்தது. மாற்றியமைத்த ஊர்திகளை வேகமாக ஓட்டிப் பார்க்க விரும்புவோருக்குச் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் உள்ளன.