வளைவில் வழுக்கும் கார்

பந்தயத் தடத்தின் வளைவில் கார் இரண்டு விதமாக அடங்காமல் போகும். முன் டயர்கள் பிடிப்பை இழந்தால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் வெளிப்பக்கமே போய்க்கொண்டிருக்கும், இது அண்டர்ஸ்டீர். பின் டயர்கள் இழந்தால், பின்பக்கம் வெளியே வீசி, கார் தேவைக்கு மேல் திரும்பிவிடும், இது ஓவர்ஸ்டீர்.

வழுக்கினால் என்ன ஆகும் என்பது தடத்தைப் பொறுத்தது. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயத்தின் 3.5 கி.மீ. சுற்றில் 19 திருப்பங்கள். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள நிரந்தரப் பந்தயத் தடத்தில் வழி விலகினால் புல்லும் மண்ணும் காரைத் தாங்கும். இந்தத் தெருச் சுற்றில் வரும் சிவானந்தா சாலையில் தடுப்புச் சுவர்தான் தாங்கும்.

டயரின் பிடிப்பு அதன்மேல் இறங்கும் எடையைப் பொறுத்தது. பிரேக் பிடித்தால் எடை முன்னே சாயும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னே போகும். ஆகவே வழுக்கலைச் சமாளிப்பதில் கையைவிடக் காலுக்கே வேலை அதிகம். அண்டர்ஸ்டீரில் இன்னும் திருப்பத்தான் கை துடிக்கும். அது ஏற்கெனவே இழுபடும் டயரை மேலும் தேய்க்குமே தவிர, காரைத் திருப்பாது. ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தி, ஸ்டியரிங்கையும் கொஞ்சம் நேராக்கினால் முன் டயர் மறுபடி தரையைப் பிடிக்கும். பெரும்பாலும் தவறு நடப்பது வழுக்கலுக்கு முன்னாலேயே: அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைவது, அல்லது கார் திரும்பி முடிக்கும் முன்பே ஆக்சிலரேட்டரை மிதிப்பது.

ஓவர்ஸ்டீர் அவ்வளவு அவகாசம் தராது. பின்பக்கம் எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். கண் சுவரைப் பார்க்காமல், கார் போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பிடிப்பு திரும்பியதும் உடனே நேராக்காவிட்டால், கார் எதிர்ப்பக்கம் வீசும். அந்த இரண்டாவது வீச்சுதான் பலரைச் சுவரில் கொண்டுபோய் விடுகிறது. பின்சக்கர இயக்கமுள்ள ஃபார்முலா காரில் அவசரமாக மிதித்ததால் வழுக்கினால், காலை மெல்லத் தளர்த்தினால் போதும். முன்சக்கர இயக்கமுள்ள சலூன் காரிலோ, வளைவின் நடுவே சட்டென்று காலை எடுத்ததே வழுக்கலுக்குக் காரணமாக இருக்கும். அங்கே லேசாக மிதிப்பதுதான் மருந்து. இரண்டிலும் பதறிப்போய் பிரேக்கை அழுத்தினால் காரியம் கெட்டது.

ஓட்டுநர் சமாளிப்பது பாதி. மீதி, காரைச் சரிசெய்யும் இடமான பிட்டில் முடிவாகும். கார் பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பி ஆன்டி-ரோல் பார். முன்பக்கப் பாரை இளக்கினால் அண்டர்ஸ்டீர் குறையும். பின்பக்கப் பாரை இளக்கினால் ஓவர்ஸ்டீர் குறையும். டயரின் காற்றழுத்தத்தைச் சிறிது மாற்றினாலும் காரின் குணம் மாறும்.

மழை வந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். சென்னைப் பந்தயத்தின் முதல் நாளே மழை குறுக்கிட்டது. காய்ந்த தடத்தில் ரப்பர் படிந்து நல்ல பிடிப்புத் தரும் வழியே நனைந்ததும் வழுக்கும். சாலையின் வெள்ளைக் கோடுகளும் அப்படியே. அதனால் மழையில் ஓட்டுநர்கள் வழக்கமான பாதையை விட்டு, வளைவின் வெளிப்பக்கமாகச் சுற்றி வருவதைப் பார்க்கலாம்.