சாவியைத் திருப்பினால் சரியாகிவிடும் கார்

ஏற்றத்தில் கார் சட்டென்று சோர்ந்துபோகும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் ஏறாது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால், ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். டர்போ டீசல் கார் வைத்திருக்கிற எங்கட பலெர்மோ வீடுகளில் இந்தக் கதையை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். "இப்ப ஓடுதுதானே, பிறகு பாப்பம்" என்பதுதான் வழக்கமான முடிவு. அந்த "பிறகு" நெடுஞ்சாலையில் வந்தால் ஆபத்து.

உண்மையில் நடப்பது இதுதான். வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போ சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. எவ்வளவு காற்று போகிறது, என்ன அழுத்தம் இருக்கிறது என்பதைச் சென்சர்கள் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கேட்ட அழுத்தமும் சென்சர் சொல்லும் அழுத்தமும் பொருந்தவில்லை என்றால், எஞ்சினைக் காப்பாற்றக் கம்ப்யூட்டர் தானே சக்தியைக் குறைத்துவிடும். இங்கத்தை மெக்கானிக்மார் இதை "ரிகவரி" என்பார்கள். பல கார்களில் எஞ்சினை அணைத்துப் போட்டதும் கணக்கு முதலில் இருந்து தொடங்கும். அதனால்தான் கார் சுகமாகிவிட்டது போலத் தெரிகிறது.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: சென்சர் உண்மை சொல்கிறதா, பொய் சொல்கிறதா?

எங்கட காரில் இது வந்தது கட்டானியாவுக்குப் போகும் ஏ19 நெடுஞ்சாலையில். லொறி ஒன்றை முந்திக்கொண்டு இருக்கிறோம், பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒரு கராஜில் கோட்டைப் படித்துவிட்டு, "டர்போவை மாற்ற வேணும்" என்றார்கள். ஆயிரம் ஐரோவுக்கு மேலே. அப்பாவும், "பிள்ளை, மாத்திப்போட்டு வேலையைப் பார்" என்றார். கோட் பி0299. அதன் பொருள் "டர்போ அழுத்தம் போதவில்லை" என்பது மட்டுமே. டர்போ பழுது என்று அது சொல்லவில்லை. ஹோஸ் வெடித்திருந்தாலும், சென்சர் தவறாகச் சொன்னாலும் அதே கோட் வரலாம். பி0237 வந்திருந்தால் கதை வேறு: அது அழுத்தச் சென்சரின் மின்சுற்றில் வோல்ட் குறைவு என்று நேராகவே சொல்கிறது. பி0101 என்றால் காற்றின் அளவை அளக்கும் சென்சர் பக்கம் பார்க்க வேண்டும். ஷிரொக்கோ காற்று சகாராத் தூசியைக் கொண்டுவரும் இந்த ஊரில், முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்பது நல்லது.

பிறகு வேறொரு மெக்கானிக் சொன்னபடி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சொக்கெட்டில் சின்ன புளூடூத் கருவியைக் குத்தி, போனில் அழுத்தத்தைப் பதிவு செய்தோம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்தும் டீசலுக்கு 2004இலிருந்தும் இந்த வசதி கட்டாயம். அவர் ஓட்டினார், நான் போனைப் பிடித்தேன். ஓட்டுகிறவர் போனைப் பார்க்கவே கூடாது.

மூன்றாம் நாள் ஏற்றத்தில் அது பிடிபட்டது. 210 கிலோபாஸ்கலில் இருந்த அழுத்தம் ஒரே வீழ்ச்சியில் 40க்குப் போய், உடனே திரும்ப ஏறியது. கடல்மட்டத்தில் வெளிக்காற்றே சுமார் 101. டர்போ முற்றாக நின்றாலும், ஹோஸ் கழன்றாலும், டீசல் எஞ்சினில் அழுத்தம் கிட்டத்தட்ட 100 வரைதான் இறங்கும். கழன்ற ஹோஸ் தானாகத் திரும்பப் பூட்டிக்கொள்ளாது. எனவே 40 என்பது வயரின் பொய். எஞ்சின் ஓடும்போது சென்சர் பிளக்கை மெதுவாக அசைத்தார் மெக்கானிக். திரையில் எண் துள்ளியது. பிளக்கின் உள்ளே ஒரு பின் பச்சை பிடித்திருந்தது. டர்போ, சென்சர் இரண்டுமே நல்லாயிருந்தன. பிளக் மாற்றச் செலவானது, நாங்கள் நாலு பேரும் ஒருநாள் பீட்சா சாப்பிடப் போகிற காசு.

நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனையும் இருக்கிறது. மொண்டெல்லோ கடற்கரையில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டு அழுத்தத்தைப் பாருங்கள்: 101க்குக் கிட்ட இருக்க வேண்டும். பிறகு, இந்து கத்தோலிக்கர் என்ற பேதமில்லாமல் எங்கட சனம் ஏறுகிற மொந்தே பெல்லெகிரீனோவில், 429 மீட்டர் உயரத்திலுள்ள சாந்தா ரொசாலியா கோவிலடியில் பாருங்கள்: சுமார் 96. இரண்டு இடத்திலும் எண் பொருந்தினால் சென்சர் நிலையாக நிற்கும்போது சரி. ஆனால் சூட்டிலும் அதிர்விலும் மட்டும் வரும் பழுதை இது காட்டாது. அதற்கு ஓட்டிப் பதிவு செய்யத்தான் வேண்டும். எண் மெல்ல மெல்ல இறங்கினால், அல்லது ஏறவே மறுத்தால், சென்சர் உண்மை சொல்லவும் கூடும். அப்போது ஹோஸ்களில் எண்ணெய்க் கசிவைத் தேடச் சொல்லுங்கள், புகை விட்டு ஓட்டை பார்க்கச் சொல்லுங்கள்.

கராஜுக்குப் போக முதல் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த கியர், எந்த ஏற்றம், எஞ்சின் சூடா குளிரா, மழையா, "ஸ்பியா" எரிந்ததா. கோட்டை அழிக்க விடாதீர்கள். பழுது வந்த நொடியின் வேகம், அழுத்தம், சூடு எல்லாம் அதோடு சேமிக்கப்பட்டிருக்கும். கோட்டை அழித்தால் அதுவும் போய்விடும். பிறகு ஒன்று கேளுங்கள்: "இந்தப் பார்ட்ஸ்தான் பழுது என்று எப்படி அளந்தீர்கள்?"

எங்கட அப்பா அம்மாமார் வந்த புதிதில், பாஷை தெரியாமல் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். எங்களுக்குப் பாஷை இருக்கிறது, கேட்கலாம். காரணம் தெரியும்வரை பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் யாரையும் முந்தாதீர்கள்.