எண் உடன் வரும். கோபுரம் உடன் வாராது

கட்டணம் குறைவு என்று கேள்வியுற்றுத் தோட்டப்புற மக்கள் பலர் தங்கள் கைத்தொலைபேசி நிறுவனத்தை மாற்றிக்கொள்கின்றனர். பழைய எண்ணையே வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆயினும், மாறிய பின்னர், பட்டணத்தில் நன்கு பேசும் தொலைபேசி லயத்திலும் பால்மரக் காட்டிலும் ஊமையாகிவிடுகிறது என்ற குறை எழுகிறது. இது பெரும்பாலும் தொலைபேசியின் பழுதன்று.

ஒவ்வொரு நிறுவனமும் தான் தேர்ந்த கோபுரங்களில் மட்டுமே தன் கருவிகளைப் பொருத்துகிறது. பட்டணத்தில் கோபுரங்கள் நெருங்கி நிற்பதால் வேறுபாடு புலப்படுவதில்லை. தோட்டத்திலோ ஒரே கோபுரத்தை நம்பியே அனைவரும் இருக்கக்கூடும். அதில் புதிய நிறுவனத்தின் கருவி இல்லையெனில் தொலைவிலுள்ள வேறொன்றைத்தான் நாட வேண்டும். இடையில் குன்று இருப்பின் அலை தடைபடும். அடர்ந்த இலைகளும் அதன் வலிமையைக் குறைக்கும். 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தொலைவு செல்லும்; 2600 போன்ற உயர்ந்தவை விரைவில் வலுவிழக்கும்.

பழைய தொலைபேசி வைத்திருப்போர்க்கு மற்றொரு காரணமும் உண்டு. 3ஜி சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. 4ஜி வழியே குரல் அழைப்பை ஏற்கும் வசதியற்ற தொலைபேசி, பேசுவதற்குப் பழைய 2ஜி அலையையே தேடும். அது கிட்டாத இடத்தில் படம் பார்க்க முடியும், பேச முடியாது!

‘இங்கே 012 நன்றாகக் கிடைக்கிறது’ என்று அண்டை வீட்டார் கூறுவதை மட்டும் நம்பி மாறுதல் கூடாது. எண்ணின் தொடக்கம் இப்பொழுது நிறுவனத்தைக் காட்டுவதில்லை. மாற விரும்புவோர் முதலில் அந்நிறுவனத்தின் மலிவான முன்கட்டணச் சிம் அட்டை ஒன்றை வாங்கி, ஒரு வாரம் சோதித்தல் நலம். வீட்டுக்குள்ளும், பால் வெட்டும் நிரையிலும், பால் கொட்டகையிலும் பேசிப் பார்க்க வேண்டும். அனைவரும் இணையத்தில் இருக்கும் இரவு வேளையையும் விடலாகாது.

வெளிக்காட்டில் ஒருவர் பாம்பு தீண்டியோ வழுக்கி விழுந்தோ கிடக்கும்பொழுது தொலைபேசியே துணை. திரையில் ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று தோன்றினால் மனந்தளராது 999ஐ அழையுங்கள். வேறு நிறுவனத்தின் அலை வழியாக அவ்வழைப்பு செல்லும். எந்த இடத்தில் அவ்வாசகம் தோன்றுகிறதோ, அங்கே மற்றொரு நிறுவனத்தின் அலை எட்டுகிறது என்பதும் அதனால் விளங்கும்.

முன்பே மாறிவிட்டவர்கள் இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு முதலில் நிறுவனத்திடம் முறையிட வேண்டும். முறையீட்டு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தீர்வு கிட்டாவிடில் அவ்வெண்ணுடன் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். ஒரே லயத்தைச் சேர்ந்த பலர் தனித்தனியே முறையிட்டால், பழுது ஒருவருடைய தொலைபேசியில் இல்லை என்பது தெளிவாகும்.