தலை வாரும்போதே பிரெஞ்சு!

பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்துவிட்டு, மார்க்கை நம்பி பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுக்கிற பிள்ளைகளுக்கு முதல் தடுமாற்றமே அன்றாட வேலைகள் பாடத்தில்தான். ‘எழுந்திருக்கிறேன்’ என்பதற்கு ‘ஜெ லெவ்’ என்று எழுதினால் தப்பு. அதற்கு எதையோ தூக்குகிறேன் என்று அர்த்தம்! நடுவில் ஒரு ‘மெ’ வேண்டும்: ஜெ மெ லெவ்.

அந்த ‘மெ’ எதற்கு? தச்சநல்லூரில் ஸ்கூல் பஸ்ஸுக்குக் கிளம்பும் எந்த வீட்டிலும் விடை இருக்கிறது. அம்மா மகளுக்குத் தலை வாரிவிட்டால், ஜெ குவாஃப் மா ஃபீய். ‘மெ’ கிடையாது. மகள் தானே வாரிக்கொண்டால், ஜெ மெ குவாஃப். நம்முடைய ‘கொள்’தான் பெரும்பாலும் அவர்களுடைய ‘மெ’. படுத்துக்கொள்கிறேன், ஜெ மெ கூஷ். உடுத்திக்கொள்கிறேன், ஜெ மாபிய். இதில் ‘மெ’ ஒட்டிப்போய்விட்டது. தாமிரபரணியில் குளிக்கிறேன் என்றால் ஜெ மெ பேஞ். இங்கே நாம் ‘கொள்’ சேர்ப்பதில்லை, அவர்கள் ‘மெ’யை விடுவதில்லை. இப்படிச் சிலவற்றை மனப்பாடம்தான் செய்யணும்.

சாப்பிடுவதற்கும் (ஜெ மான்ஜ்) குடிப்பதற்கும் (ஜெ ப்வா) ‘மெ’ வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை அம்மாக்களே: பரீட்சை எழுத்தில். ‘ஃபீய்’ என்று சொல்வதை ஐந்து எழுத்தில் எழுதணும். காலையில் சொன்னதை ராத்திரி நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.