பிள்ளையும் பஸ் பிரயாணமும்

நான்கு வயதுப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பகல் பஸ்ஸிற் செல்வது ஒரு கலை என்று நான் சொன்னால், அதைக் கேட்டு நகைப்போர் இரு சாரார். பிள்ளையோடு பிரயாணஞ் செய்தறியாதவர் ஒரு சாரார். பிள்ளையை மனைவியின் மடியில் இருத்திவிட்டுத் தாம் மூன்று ஆசனம் தள்ளி உறங்குவோர் மற்றைச் சாரார். இவ்விரு திறத்தாரும் இக்கட்டுரையை வாசியாது விடலாம்.

தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஏ-9 வீதியால் ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா என்று இறங்கி, மதவாச்சி கடந்து அநுராதபுரம் சென்று, புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் கொழும்பை அடைய எட்டு மணித்தியாலமும் ஆகலாம், பத்தும் ஆகலாம். ஆதலால் நம்மவரிற் பெரும்பாலோர் இரவு பஸ்ஸையே விரும்புகின்றனர். பிள்ளை உறங்கிவிடும் என்பது அவர்களது கணக்கு. கணக்குப் பிழையன்று. ஆயினும் நாட்டின் நீளத்தில் மிகப் பெரும்பகுதியைக் கடந்தும் வழியில் ஒரு மரத்தையேனும் காணாது, யாழ்ப்பாணத்திற் கண்ணை மூடிக் கோட்டையிற் கண்ணைத் திறக்கும் பிள்ளைக்கு, கொழும்பு என்பது அடுத்த வீட்டுக் கதவுக்கு அப்பால் உள்ள ஓர் அறை போலத்தானே தோன்றும்? என் பேத்தியை நான் பகலிற் கூட்டிச் செல்வதற்கு இதுவே காரணம். பகலிற் செல்வோனுக்கு உள்ள தொல்லை, பிள்ளை விழித்திருக்கும் என்பது.

விழித்திருக்கும் பிள்ளைக்கு இக்காலத்தார் கண்ட மருந்து கைத்தொலைபேசி. அதன்மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் ஓடும் பஸ்ஸில் அதனைக் குழந்தையின் கையிற் கொடுப்பதற்கு முன், அதன் வயிற்றைப் பற்றிச் சிறிது சிந்தித்தல் நன்று. நம் உட்செவியில் உடலின் அசைவை உணரும் உறுப்பு ஒன்று உண்டு. பஸ் குலுங்குகிறது, வளைகிறது, விரைகிறது என்று அது மூளைக்கு அறிவிக்கின்றது. கண்ணோ மடியிலுள்ள சிறு திரையில் நிலைத்து, ‘எதுவும் அசையவில்லை’ என்று சாட்சி சொல்கிறது. இரு சாட்சியும் முரண்படும்போது நீதிபதி தலைசுற்றி வாந்தி எடுக்கின்றார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இத்தொல்லை அரிது. அதன் பின்னர் பன்னிரண்டு வயது வரையிலுமே இது மிகுதி. கைத்தொலைபேசிக்குச் சொன்னது படப்புத்தகத்துக்கும் பொருந்தும். யன்னலுக்கு வெளியே தொலைவில் உள்ளதைப் பார்க்கும் பிள்ளைக்குக் கண்ணும் செவியும் ஒரே கதையைச் சொல்லும். ஆதலால் முன்பக்கத்து ஆசனம் நன்று. புறப்படுமுன் எண்ணெய்ப் பலகாரம் தீது. இரண்டு இடியப்பம் போதும். நம் வீட்டுப் பெண்கள் முந்தானையில் முடிந்துவரும் தேசிக்காய்க்கு மருத்துவ நூலில் இடம் உண்டோ இல்லையோ, அதை முகர்ந்து பார்ப்பதிற் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் கழிகின்றது. அதுவே பெரும் பயன்.

குளிரூட்டிய பஸ்களைப் பற்றி ஒரு வார்த்தை. யன்னலுக்குத் திரைச்சீலை இட்டு, முன்னால் ஒரு தொலைக்காட்சியையும் மாட்டி, அதில் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கும் சினிமாப் படத்தைப் பிள்ளைகளும் பார்க்கும்படி ஓடவிடும் வழக்கத்தை யார் தொடங்கினரோ அறியேன். சாதாரண பஸ்ஸிற் புழுதி உண்டு, வெயில் உண்டு, யன்னலும் உண்டு.

நாங்கள் புறப்பட்டது விடியுமுன். தேய்பிறை நிலா மேற்கே நின்றது. சாவகச்சேரி தாண்டியதும் பிள்ளை அதனைக் கண்டுகொண்டாள்.

“அம்மப்பா, நிலாவும் எங்களோட வருது!”

பிள்ளைத்தமிழ் படித்தோருக்கு அம்புலிப் பருவம் நினைவுக்கு வரும். பிள்ளையோடு விளையாட வா என்று சந்திரனை அழைக்கும் பகுதி அது. சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும் புலவர் அங்கே சந்திரன்மீது பிரயோகிப்பர்: நயந்து சொல்லுதல், வேற்றுமை காட்டுதல், கொடுப்பதாகச் சொல்லுதல், அச்சுறுத்தல். இந்நான்கும் நம் தாய்மார் பஸ்ஸிலே பிள்ளைகள்மீது பிரயோகிக்கும் உபாயங்களே என்பது எனக்குப் பளை வரும்போது தோன்றியது. ‘நல்ல பிள்ளையல்லோ’ என்பது சாமம். ‘அங்கை பார், அந்தத் தம்பி எவ்வளவு சமத்தாய் இருக்கிறான்’ என்பது பேதம். பிஸ்கற் தானம். ‘கொண்டக்டர் மாமாவிட்டைப் பிடிச்சுக் குடுத்திடுவன்’ என்பது தண்டம். நான்காவது உபாயம் நடத்துநருக்கும் பிள்ளைக்கும் ஒருங்கே செய்யும் அநியாயமாகும்.

நடக்கும்போது சூரிய சந்திரர் தம்மைத் தொடர்ந்து வருவதாகக் குழந்தைகள் நம்புவதைச் சுவிற்சர்லாந்து உளவியலறிஞர் பியாஜே 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஆராய்ந்திருக்கின்றார். காரணம் எளிது. அருகிலுள்ள வேலியும் பனையும் விரைந்து பின்னோடுகின்றன; தொலைவிலுள்ள கோபுரம் மெல்ல நகர்கின்றது; சந்திரனோ சராசரி 3,84,400 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதால், நாம் எவ்வளவு ஓடினும் யன்னலின் அதே மூலையில் நிற்கிறது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலுள்ள தூரத்தை ஏறக்குறைய ஆயிரம் முறை அடுக்கினாற்றான் அத்தூரம் வரும். இதனை நான் அவளுக்கு விளக்கவில்லை. “ஏன் வருது எண்டு நினைக்கிறாய்?” என்று மட்டும் கேட்டேன். சற்றே யோசித்துவிட்டு, “அதுக்கும் கொழும்பிலை அலுவல் இருக்காக்கும்” என்றாள். பின்னர் எந்தப் பனை விரைவாக ஓடுகிறது, எந்தப் பனை மெதுவாக ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னேன். கிட்டத்துப் பனைக்கு அவசரம், எட்டத்துப் பனைக்கு அலுப்பு என்று அவளே கண்டுபிடித்தாள். இந்த ஒரு விளையாட்டு ஆனையிறவு வரை தாங்கிற்று.

ஆனையிறவில் பொழுது நன்கு புலர்ந்துவிட்டது. குடாநாட்டுக்குள் யானைகளை இவ்வழியாக இறக்கிக் கொண்டுவந்து விற்ற காலத்திற் பிறந்த பெயர் இது. பெயரைச் சொன்னதும் பிள்ளை நீரில் யானை தேடினாள். யானையில்லை, கொக்குகள் நின்றன. வீதியோரத்தில் நினைவுச் சின்னமாக நிறுத்தப்பட்டிருக்கும் கவச வாகனத்தை அவள் கண்டாள்.

“ஏன் அம்மப்பா அது ஓடாமல் நிக்குது?”

யன்னலைப் பிள்ளைக்குத் திறந்துவிடுவோர் இத்தகைய கேள்விக்கும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். 1991இலும் 2000இலும் 2009இலும் இம்மண்ணில் நிகழ்ந்தவற்றை நான்கு வயதுக்கு எவ்வளவு சொல்வது? பொய் சொல்லவும் கூடாது. சுமக்க மாட்டாத சுமையை ஏற்றவும் கூடாது. “இங்கை முந்திச் சண்டை நடந்தது. அதிலை உடைஞ்சது” என்றேன்.

“ஆர் ஆரோடை?”

“இந்த நாட்டிலை இருந்த ஆக்கள்தான், ஒருவரோடை ஒருவர்.”

“பிறகு நேசமாகிட்டினமோ?”

பிள்ளைகளின் உலகிற் கோபமும் நேசமும் என இரண்டே நிலை. நான் சொல்லத்தக்க மெய் ஒன்றே இருந்தது: “சண்டை நிண்டிட்டுது, குஞ்சு.” அவள் அதை ஏற்றுக்கொண்டாளா, அதில் உள்ள குறையைக் கண்டாளா என்று தெரியவில்லை. கொக்குகளை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

இவளுடைய தாய் நான்கு வயதில் இந்த வீதியைக் கண்டதில்லை. அப்போது வீதி மூடியிருந்தது. 1993ஆம் ஆண்டு அவளைக் கிளாலிக் கடலேரியால், இரவில், விளக்கின்றிச் செல்லும் வள்ளத்திற் கூட்டிச் சென்றோம். அவ்வாண்டின் தொடக்கத்திலே அந்நீரிற் பிரயாணிகள் பலர் கொல்லப்பட்டிருந்தனர். அன்று பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுவது எப்படி என்று ஒருவரும் எண்ணவில்லை. பிள்ளை வாய் திறவாதிருப்பது எப்படி என்பதொன்றே கவலை. என் மனைவி அவள் வாயிற் சீனிக்கட்டியை வைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தாள். நாலு மணித்தியாலமோ ஐந்து மணித்தியாலமோ, பிள்ளை ஒரு சொற் பேசவில்லை. ‘என்ன கெட்டித்தனமான பிள்ளை’ என்று அக்கரையில் எல்லோரும் மெச்சினார்கள். இவ்வீதி 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடி, 2009க்குப் பின் திறந்தது. இன்று பஸ்ஸில் ஒரு பிள்ளை ஓயாது பேசுவதைக் கேட்டு முன்னாசனத்தார் திரும்பி முறைக்கும்போது, எனக்கு அவர்மீது கோபம் வருவதில்லை. ஆனால் பிள்ளையைப் பேசாதே என்று சொல்லவும் நா எழுவதில்லை.

முறிகண்டியில் பஸ் நிற்கும். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைக்காது அவ்விடத்தைக் கடக்கும் சாரதியை நான் கண்டது அரிது. கோயிலின் பெருமை ஒருபுறமிருக்க, பிள்ளையோடு செல்வோருக்கு அங்கே கிடைக்கும் அருள் கச்சான். கோதுடன் வறுத்த கச்சானை ஒரு சரை வாங்கி மடியில் வைத்தால், உடைப்பதும் கோது பொறுக்குவதுமாக அரைமணி நேரம் போகும். ஒன்றைப் பெற்றோர் மறத்தலாகாது: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக்கச்சான் உண்ணக் கொடுக்கக் கூடாது என்பர் வைத்தியர்; மூச்சுக்குழலிற் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. குலுங்கும் பஸ்ஸில் இவ்வாபத்து இன்னும் பெரிது. ஆதலால் நாங்கள் தொழிலைப் பகிர்ந்துகொண்டோம். உடைப்பது அவள், உண்பது நான். ‘உனக்கு வீட்டிலை இடிச்சுத் தருவன்’ என்று ஒப்பந்தம்.

மாங்குளம், புளியங்குளம் எல்லாம் காடு. இங்கே யன்னலுக்கு வேலை குறைவு. கதைக்கு வேலை கூடுதல். காகமும் வடையும் கதையைப் பிள்ளைகள் நூறு முறை கேட்டிருப்பர். புதுக்கதை வேண்டும் என்று எண்ணுவது பெரியோரின் மயக்கம். பழங்கதையைத் தவறாகச் சொல்வதே உத்தி. ‘ஒரு ஊரிலை ஒரு நரி வடை சுட்டுக்கொண்டிருந்தது’ என்று தொடங்கினேன். அவள் ஆசனத்தில் எழுந்து நின்றுவிட்டாள். “நரி இல்லை, பாட்டி!” சரி, பாட்டி, பாட்டியிடமிருந்து வடையைத் திருடிய மாடு மரத்திலேறிற்று என்றேன். இவ்வாறு ஒவ்வொரு படியிலும் நான் வழுக்க, அவள் என்னைத் தூக்கி நிறுத்தி, கதை முடிய ஓமந்தை வந்துவிட்டது. நொடி போடுவதும் நன்று. பழைய நொடிகளிலும் பார்க்க, பஸ்ஸிற் காண்பனவற்றைக்கொண்டு புதிதாகக் கட்டுவதே சுவை. ‘முன்னுக்கு நிற்பான், பின்னுக்குப் பார்ப்பான், ஆர்?’ என்றேன். சாரதிக்கு மேலுள்ள கண்ணாடி என்று கண்டுபிடிக்க வவுனியா வரை சென்றது. பதிலுக்கு அவள் கட்டிய நொடி, ‘கறுப்பாய் இருக்கும், சத்தம் போடும், ஆர்?’ விடை நான் குறட்டை விடும் வாயாம்.

எழுத்தறியத் தொடங்கிய பிள்ளையாயின் கிலோமீற்றர்க் கற்கள் பெருந்துணை. ஏ-9 வீதி கண்டியிலிருந்து எண்ணப்படுவது. மொத்தம் 321 கிலோமீற்றர். ஆதலால் தெற்கே செல்லச் செல்ல எண் குறைந்துகொண்டு வரும். கழித்தற் கணக்கை எந்த வாத்தியாரும் இவ்வளவு நீளமான கரும்பலகையில் எழுதிக் காட்டியதில்லை.

அநுராதபுரத்தில் ஒரு சிங்கள மூதாட்டி எங்கள் ஆசனத்தின் ஓரத்தில் வந்தமர்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. பேத்திக்குச் சிங்களம் தெரியாது. எனக்குத் தெரிந்த சிங்களம் விலை கேட்பதற்கு மட்டும் போதுமானது. பிள்ளை கச்சான் கோதுகளை மடியில் அடுக்கி ஒன்று, இரண்டு என்று எண்ணுவதைப் பார்த்திருந்தவர், “துவ” என்று அழைத்து, அதே கோதுகளைத் தொட்டு, “எக்க, தெக்க, துன” என்றார். பிள்ளை திருப்பிச் சொன்னாள். பத்து வரை போயினர். பின்னர் பிள்ளை ஆசிரியையாயினாள். மூதாட்டி ‘மூன்று’ என்று சொல்லமாட்டாது திணற, எங்கள் பக்கத்து ஆசனங்களெல்லாம் சிரித்தன. புத்தளம் வரை எனக்கு வேலையில்லை. சிறிது உறங்கினேன் என்பதையும் சொல்லவேண்டும்.

பனை எங்கே முடிகிறது, தென்னை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது பெரியோருக்கும் ஏற்ற விளையாட்டு. ஆனையிறவுக்கு அப்பால் பனை மெல்ல மெல்ல அருகிக் காடாகும். சிலாபத்தை நெருங்கும்போது வீதியின் இருமருங்கும் தென்னந்தோப்பு. “பனைக்குத் தலைமயிர் குட்டை, தென்னைக்கு நீளம்” என்பது பேத்தியின் தாவரவியல். வீதிப் பலகைகளிலும் ஒரு மாற்றம் உண்டு: வடக்கிலே தமிழ் மேலே நின்றது, தெற்கே வரவரச் சிங்களம் மேலேறிற்று. எழுத்துக்கள் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன என்று அவளுக்குச் சொன்னேன். நாங்களும் ஆசனம் மாறுவோம் என்று அவள் யன்னலை விட்டு உள்ளே வந்தாள்.

நீர்கொழும்புக்குப் பின் எந்தக் கலையும் பலிப்பதில்லை. வத்தளையில் வாகனங்கள் எறும்பு வரிசையாக நிற்க, பிள்ளைக்கு அலுப்பு, பசி, சிறுநீர், அழுகை யாவும் ஒரே வேளையில் வந்துவிட்டன. இந்நீண்ட வழியிற் பிள்ளைகள் கால்வைக்கத்தக்க கழிப்பிடம் இரண்டு மூன்று கூட இல்லாதது பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அப்போதுதான் கைத்தொலைபேசியை எடுத்தேன். படம் பார்ப்பதற்கன்று, பஸ் நிலையத்திற் காத்திருந்த தாயோடு பேசுவதற்கு. அழுகை நின்றது. நிலா வந்ததையும், கொக்கு நின்றதையும், ஆச்சி எண்ணியதையும் சொல்வாள் என்று செவிசாய்த்தேன்.

“அம்மா,” என்றாள், “நான் உடைச்ச கச்சான் முழுக்க அம்மப்பா சாப்பிட்டிட்டார்.”