தாழமுக்கமும் ஐப்பசி கார்த்திகைப் பயிரும்

ஐப்பசி மாதத்தில் வெளிவரும் வார வானிலை அறிக்கைகளில் மத்திய மலைநாட்டைப் பற்றிய பகுதி பெரும்பாலும் ஒரே தன்மையாய் இருக்கும்: காலையில் வெயில், பிற்பகலில் இடியுடன் கூடிய மழை. நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் வெயிலாற் சூடேறிய காற்று மலைச்சரிவின் வழியே மேலெழுந்து, குளிர்ந்து, முகிலாகி, மாலையிற் பொழிந்துவிடுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் அவ்வறிக்கையைத் தம் காணிக்குப் பொருத்திப் பார்த்தல் ஆகாது. காற்றை மேலே தள்ளுதற்கு இங்கு மலையில்லை. மலையென்று பெயர் படைத்த கீரிமலையும் கடலோர மேடேயன்றி மலையன்று.

இடிமழை இங்கும் உண்டாயினும், குடாநாட்டு மாரியின் பெரும் பங்கு வங்காள விரிகுடாவிலிருந்தே வருகின்றது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழையிற் பெரும்பகுதி ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் ஆகிய மூன்று மாதங்களுக்குள் அடங்கும். அதுவும் நாள்தோறும் அளந்து ஊற்றினாற்போல் வருவதில்லை. பத்து நாள் வெயில் எறிக்கும்; பின்னர் கடலில் ஒரு தாழமுக்கம் தோன்றும்; மாத மழை முழுவதும் இரண்டு நாளிற் கொட்டித் தீரும்.

2008 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 389.8 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. கமக்காரர் இங்கு கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. அத்தொகுதி 'நிஷா' என்னும் பெயருடைய சூறாவளியாக வலுப்பெற்றது மறுநாளாகிய 26 ஆந் திகதியிலேயே; அது கரை கடந்ததோ 27 ஆந் திகதி, தமிழ்நாட்டுக் கரையில், காரைக்காலுக்கு அண்மையில். 2024 ஆம் ஆண்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. நவம்பர் 26, 27 ஆந் திகதிகளில் குடாநாட்டு வயல்களும் வீடுகளும் வெள்ளத்துள் நின்றன. 'பெங்கல்' என்ற பெயர் அச்சூறாவளிக்கு இடப்பட்டது 29 ஆந் திகதியே. ஆகவே சூறாவளி எச்சரிக்கை வரட்டும், அதன்பின் பார்ப்போம் என்றிருப்பவருக்குப் பார்ப்பதற்குப் பயிர் எஞ்சாது. அறிக்கையில் 'வங்காள விரிகுடாவின் தென்கிழக்கில் குறைந்த தாழமுக்கப் பகுதி' என்று கேட்ட நாளே வேலை தொடங்கும் நாளாகும். காற்று எவ்வளவு வேகமாக வீசும் என்பதிலும், அத்தொகுதி இலங்கைக் கரையோரமாக மெல்ல நகருமா என்பதையே முதலிற் கவனித்தல் வேண்டும். மெல்ல நகர்வதே மிகுதியாகப் பொழியும்.

புழுதி விதைப்பாக விதைத்த நெல் கார்த்திகையில் மட்டம் வெடிக்கும் பருவத்தில் இருக்கும். மேலுரமாக யூரியா இடுவதற்கு அதுவே காலமாதலால், கையில் உரமும் வானில் மழையும் ஒருங்கே வந்து நிற்கும். அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குப் பலத்த மழை கூறப்பட்டிருப்பின் உரத்தை வீட்டிலேயே வைத்திருத்தல் நன்று. வெள்ளத்தோடு அது வயலை விட்டுப் போவதுமல்லாமல், சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்த நம் நிலத்தில் கீழிறங்கிக் கிணற்று நீரிலும் நைத்திரேற்றாகச் சேரும். அக்கிணற்று நீரையே நாமும் நம் பிள்ளைகளும் குடிக்கின்றோம்.

வழுக்கையாறு செல்லும் அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், அராலிப் பக்கத்துத் தாழ்ந்த வயல்களில் வாய்க்கால்களை மழைக்கு முன்னரே துப்புரவாக்குதல் வேண்டும். மேற்காணிக்காரர் நள்ளிரவில் வரம்பை வெட்டிவிட, கீழ்க்காணிக்காரர் விடியலிற் சண்டைக்கு வருவது ஆண்டுதோறும் காணும் காட்சி. இருவரும் முதல் நாளே கூடிப் பேசி நீர் போகும் வழியைத் தீர்மானித்தால் வழக்குக்கு இடமில்லை. மேட்டு வயல்களின் செய்தி வேறு. குளமில்லாத மானாவாரி நிலத்தில் ஐப்பசி மழை வீணாகாதவாறு வரம்பு அடைத்தே இருத்தல் வேண்டும். 20, 25 மில்லிமீற்றர் மழைக்கு அஞ்சி நீரை வெளியேற்றுபவர் அடுத்த வெயிலில் வருந்துவர்.

வெங்காயத்துக்கு நீர் தேங்குதலே பெரும் பகை. செம்மண் தோட்டத்தில் நீர் விரைவில் வடியுமாயினும், ஓயாத ஈரத்தில் இலையில் ஊதா நிறப் புள்ளிகள் தோன்றித் தாள் கருகும். தாழமுக்கம் அறிவிக்கப்பட்ட வாரத்திற் புதிதாக வெங்காயம் நடுதலைத் தள்ளிவைத்தல் நன்று. மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுமேடைகளை உயர்த்தி, பெருமழை நேரத்திற் கிடுகினால் மறைத்து, மழை விட்டதும் கிடுகை எடுத்துவிடுதல் வேண்டும். மூடியபடியே விட்டால் நாற்று அழுகும்.

வார அறிக்கையின் முதல் மூன்று நாட்களுக்குரிய செய்தி பின்னைய நாட்களுக்குரியதைக் காட்டிலும் நம்பத்தக்கது. எனவே நாள்தோறும் புதிய அறிக்கையைக் கேட்டல் அவசியம். '100 மில்லிமீற்றருக்கு மேல்' என்றால் எவ்வளவு? 16 பரப்பு ஓர் ஏக்கராகக் கொள்ளும் தோட்டக் காணியில் ஒரு பரப்பின் மேல் 1 மில்லிமீற்றர் மழை ஏறக்குறைய 250 லீற்றர் நீராகும். 100 மில்லிமீற்றர் 25,000 லீற்றர். 2008 இல் அந்த ஒரே நாளில் ஒவ்வொரு பரப்பிலும் ஒரு இலட்சம் லீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீர் விழுந்தது.

தம் காணியில் விழுந்த மழையைத் தாமே அளக்க விரும்புவோர், பக்கங்கள் நேராக உள்ள வெற்று மாப்பால் ரின் ஒன்றை மரநிழலில்லாத வெளியிடத்தில் நிறுத்தி, காலை 8.30 மணிக்கு அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்து கொப்பியிற் குறித்துவரலாம். வளிமண்டலவியல் திணைக்களமும் அந்நேரத்திலேயே நாள் மழையைக் கணக்கிடுவதால் இரண்டையும் ஒப்பிடுதல் எளிது. அளந்தபின் ரின்னைக் கவிழ்த்து நீரை ஊற்றிவிட மறத்தலாகாது, நுளம்பு பெருகும்.